பட்ஜெட்டில் பெரிய ஒதுக்கீடுதான் அரசின் முன்னுரிமையா?

2 பிப்ரவரி 2025, ஒருவர் கேட்டது

நேற்று தாக்கல் செய்யப்பட்ட மத்திய பட்ஜெட்டில் எந்தத் துறைக்கு அதிகத் தொகை கிடைத்திருக்கிறதோ அதுவே அரசின் முன்னுரிமை என்று எடுத்துக்கொள்கிறேன். முதல் 10 ஒதுக்கீடுகளை வரிசையாக மனப்பாடம் செய்துவிட்டால் குரூப் 1, குரூப் 2 தேர்வுகளின் நடப்பு நிகழ்வுப் பகுதிக்கு அது போதும் என்பது என் கருத்து. தவறிருந்தால் சொல்லவும்.

2 பிப்ரவரி, இரவு

தவறு இருக்கிறது. பெரிய தொகையே அளவுகோல் என்றால், இந்த ஆண்டு அரசின் முதல் முன்னுரிமை வட்டி கட்டுவது என்றாகிவிடும். 2025-26ஆம் ஆண்டுக்கு மதிப்பிடப்பட்ட மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி ரூபாய். அதில் பழைய கடன்களின் வட்டிக்கு மட்டும் 12.76 லட்சம் கோடி போகிறது. பாதுகாப்பு அமைச்சகத்துக்கு 6.81 லட்சம் கோடி, சாலைப் போக்குவரத்துக்கு 2.87 லட்சம் கோடி, ரயில்வேக்கு 2.55 லட்சம் கோடி என்று நீங்கள் மனப்பாடம் செய்யப்போகும் வரிசை முழுவதும் அந்த வட்டித் தொகைக்குக் கீழேதான் நிற்கிறது.

வட்டியை எந்த அரசும் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. அரசியலமைப்பின் 112ஆவது உறுப்பின்படி அது அரசின் வரவெல்லாம் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து கட்டாயமாகச் செலுத்தப்பட வேண்டிய இனம். நாடாளுமன்றம் அதைப் பற்றி விவாதிக்கலாம், ஆனால் 113ஆவது உறுப்பின்படி அதன் மீது வாக்கெடுப்பு கிடையாது. வாக்களித்துக் குறைக்கவோ மறுக்கவோ முடியாத ஒரு செலவை முன்னுரிமை என்று அழைப்பது, வீட்டு வாடகையை ஒருவருடைய விருப்பம் என்று சொல்வதைப் போன்றது. கடமைகளைக் கழித்த பிறகு கையில் மிஞ்சுவதை எங்கே வைக்கிறோம் என்பதில்தான் முன்னுரிமை தெரியும். அரசு செலவிடும் ஒவ்வொரு ரூபாயிலும் 20 பைசா, அதாவது மொத்தச் செலவில் ஐந்தில் ஒரு பங்கு, வட்டிக்கே போய்விடுகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.

3 பிப்ரவரி

நேற்று இரவு எழுதியதன் கடைசி வாக்கியம் பிழையானது. 12.76ஐ 50.65ஆல் வகுத்துப் பார்த்தவர்களுக்கு 25 சதவீதம் வந்திருக்கும். அவர்கள் கணக்கே சரி. வட்டி மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்கு.

அப்படியானால் பட்ஜெட் ஆவணத்தில் ‘ஒரு ரூபாய் எங்கே போகிறது’ என்ற வட்டப்படத்தில் வட்டிக்கு 20 பைசா என்று அச்சிட்டிருப்பது பொய்யா என்றால், அதுவும் சரியே. அந்த வட்டப்படம் மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் வரிப்பங்கையும் சேர்த்துக்கொண்டு வரையப்படுகிறது. அந்தப் பங்கு 14.22 லட்சம் கோடி ரூபாய். 50.65 லட்சம் கோடி என்ற மொத்தச் செலவில் அது சேராது, ஏனென்றால் அது மத்திய அரசின் செலவாகவே கருதப்படுவதில்லை. வரி வரவிலேயே கழிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 64.87 லட்சம் கோடி வருகிறது, 12.76 அதில் 20 சதவீதத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஒரே வட்டித் தொகை, மாநிலப் பங்கு நீங்கலாகப் பார்த்தால் 25, மாநிலப் பங்கு உட்படப் பார்த்தால் 20.

பாதுகாப்புச் செலவில் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. மொத்தச் செலவில் பாதுகாப்பு அமைச்சகத்தின் பங்கு 13.45 சதவீதம் என்று செய்திக்குறிப்பில் படிக்கிறோம்; வட்டப்படத்தில் பாதுகாப்புக்கு 8 பைசாதான். மாநிலப் பங்கு ஒரு காரணம். மற்றொரு காரணம், 6.81 லட்சம் கோடியில் படைவீரர்களின் ஓய்வூதியமாகிய சுமார் 1.61 லட்சம் கோடியும் அடங்கியிருக்கிறது. வட்டப்படத்தில் ஓய்வூதியம் தனித் துண்டாக, 4 பைசாவாக, வேறிடத்தில் நிற்கிறது. கொள்குறி வினாவில் 8, 13 என இரண்டும் தெரிவுகளாகக் கொடுக்கப்பட்டால் வினாவின் சொற்களைப் படிக்காமல் விடை எழுத முடியாது.

‘உட்பட’, ‘நீங்கலாக’ என்ற இரண்டு சொற்களுக்கும் இனி இங்கே அதிக இடம் தரப்போகிறேன்.

5 பிப்ரவரி

12 லட்சம் ரூபாய் வரை வருமான வரி இல்லை என்ற அறிவிப்பைப் பற்றிப் பலரும் கேட்டிருக்கிறார்கள். வாசிப்பறையில் என்னோடு படிப்பவர்களின் குறிப்பேடுகளில் ‘முதல் வரிப் படிநிலை 0 முதல் 12 லட்சம்’ என்று எழுதியிருந்ததை நேற்று நான்கு இடங்களில் அடித்துத் திருத்தினேன்.

புதிய வரி முறையில் வரி இல்லாத படிநிலை 4 லட்சம் வரைதான். 4 முதல் 8 லட்சம் வரையுள்ள பகுதிக்கு 5 சதவீதம், 8 முதல் 12 லட்சம் வரை 10 சதவீதம், அதன்பின் ஒவ்வொரு 4 லட்சத்துக்கும் 5 சதவீதம் கூடி, 24 லட்சத்துக்கு மேல் 30 சதவீதம். 12 லட்சம் வருமானம் உள்ளவருக்கு 20,000 ரூபாயும் 40,000 ரூபாயும் சேர்ந்து 60,000 ரூபாய் வரி கணக்காகிறது; அந்த 60,000 ரூபாய் முழுவதும் வருமான வரிச் சட்டத்தின் 87ஏ பிரிவின் கீழ் கழிவாகத் திருப்பித் தரப்படுவதால் அவர் கட்டுவது சுழியம் ஆகிறது. மாதச் சம்பளக்காரருக்கு 75,000 ரூபாய் நிலைக்கழிவு உண்டு என்பதால் அவருக்கு வரம்பு 12.75 லட்சம். மூலதன ஆதாயம் (சொத்து, பங்கு விற்ற லாபம்) போன்ற, தனி வீதத்தில் வரி விதிக்கப்படும் வருமானங்கள் நீங்கலாகத்தான் இந்தச் சலுகை.

இங்கேதான் முன்னுரிமை பற்றிய முதல் கேள்விக்கு ஒரு நல்ல விடை இருக்கிறது. இந்த மாற்றங்களால் நேரடி வரியில் சுமார் 1 லட்சம் கோடி ரூபாய் கைவிடப்படுகிறது என்று நிதியமைச்சரே உரையில் கூறினார். இந்தத் தொகை எந்த அமைச்சகத்தின் ஒதுக்கீட்டுப் பட்டியலிலும் இராது. முதல் 10 ஒதுக்கீடுகளை மனப்பாடம் செய்தவருக்கு, இந்தப் பட்ஜெட்டில் அரசு தானாகத் தேர்ந்தெடுத்த மிகப் பெரிய முடிவுகளுள் ஒன்று கண்ணிலேயே படாது. வாங்காமல் விட்ட பணமும் முன்னுரிமையைச் சொல்லும்.

9 பிப்ரவரி

சாலை, ரயில் பாதை போன்ற சொத்துகளை உருவாக்கும் மூலதனச் செலவு கூடியதா, தேங்கியதா என்று இரண்டு பேர் எதிரெதிராக வாதிட்டதைப் படித்தேன். இருவரும் உண்மையையே சொல்கிறார்கள்.

2025-26க்கான மூலதனச் செலவு மதிப்பீடு 11.21 லட்சம் கோடி ரூபாய். கடந்த ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு 11.11 லட்சம் கோடி. இவ்விரண்டையும் ஒப்பிட்டால் வளர்ச்சி ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் கடந்த ஆண்டு அந்த 11.11 லட்சம் கோடி முழுவதும் செலவாகும் என்ற நம்பிக்கை ஆண்டின் இறுதிக்குள் குறைந்து, திருத்திய மதிப்பீடு 10.18 லட்சம் கோடியாக இறங்கியது. அதனோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 10 சதவீதம். கட்டுரை வினாவில் இவ்விரண்டில் ஒன்றை மட்டும் எழுதுபவர், அறியாமலேயே ஒரு கட்சியின் வழக்கறிஞராகிவிடுகிறார். இரண்டையும் எழுதி, எதனோடு எதை ஒப்பிட்டேன் என்று சொல்பவருக்கே நான் மதிப்பெண் கொடுப்பேன்.

இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு ஜல் ஜீவன் திட்டம். ஊரகக் குடும்பங்களுக்குக் குழாய்வழிக் குடிநீர் தரும் இந்தத் திட்டத்துக்கு 2024-25இல் ஒதுக்கியது 70,163 கோடி ரூபாய். திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடியாகச் சுருங்கியது. இப்போது 2025-26க்கு மீண்டும் 67,000 கோடி. திட்டக்காலமும் 2028 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. கடந்த பிப்ரவரியில் ‘குடிநீருக்கு 70,000 கோடி, ஆகவே முன்னுரிமை’ என்று எழுதியிருந்தால், அந்த முன்னுரிமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே திருத்திய மதிப்பீட்டில் மிஞ்சியது என்பதை இன்று என்ன சொல்லி விளக்குவது? ஒதுக்கீடு என்பது நோக்கம் மட்டுமே. ஊரக வேலை உறுதித் திட்டம் இதற்கு வேறு வகையில் மாறுபடுகிறது: சென்ற ஆண்டின் பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, இந்த ஆண்டின் மதிப்பீடு மூன்றும் 86,000 கோடி. விலைவாசி ஏறும் நாட்டில் மாறாத எண்ணும் ஒரு முடிவுதான்.

10 பிப்ரவரி

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. 2024-25க்கு இரண்டு பட்ஜெட்டுகள் உண்டு என்பதை மறந்துவிட வேண்டாம். மக்களவைத் தேர்தலுக்கு முன் 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்; தேர்தலுக்குப் பின் ஜூலை 23 அன்று முழுப் பட்ஜெட். நிதிப் பற்றாக்குறை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில், முன்னதில் 5.1 சதவீதம், பின்னதில் 4.9 சதவீதம், திருத்திய மதிப்பீட்டில் 4.8 சதவீதம். ஒரே ஆண்டுக்கு மூன்று எண்கள் இருப்பதைப் பார்த்துக் குழம்பியவர்கள் பல பேர்.

15 பிப்ரவரி

நிதிப் பற்றாக்குறை என்றால் என்ன என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறார் ஒருவர். இந்தக் கேள்விக்கு நான் சற்று நீளமாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதே கேள்வியில் நான் ஒருமுறை தோற்றிருக்கிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஒரு முதன்மைத் தேர்வில் ‘மொத்தச் செலவுக்கும் மொத்த வரவுக்கும் உள்ள வேறுபாடே நிதிப் பற்றாக்குறை’ என்று எழுதிவிட்டு, அதன்மேல் இரண்டு பக்கங்கள் வாதம் கட்டினேன். நான் பயின்ற பயிற்சி மையத்தின் குறிப்பேட்டில் அப்படித்தான் இருந்தது. ‘கடன் நீங்கலாக’ என்ற இரண்டு சொற்கள் அச்சில் விடுபட்டிருந்தன. அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் இலக்கணமே கவிழ்ந்துவிடுகிறது: அரசு வாங்கும் கடனும் மூலதன வரவுதான், அதையும் சேர்த்துக் கூட்டினால் வரவும் செலவும் சமமாகிப் பற்றாக்குறை என்றே ஒன்று இராது. வீட்டுக் கணக்கு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். கைமாற்றாக வாங்கிய பணத்தையும் வரவுப் பக்கத்தில்தான் எழுதுகிறோம், ஆனால் அது சம்பாத்தியம் ஆகாது.

இந்த ஆண்டின் எண்களிலேயே போட்டுப் பாருங்கள். மொத்தச் செலவு 50.65 லட்சம் கோடி. கடன் நீங்கலான வரவு 34.96 லட்சம் கோடி; வேறுபாடு 15.69 லட்சம் கோடி. மொத்த உள்நாட்டு உற்பத்தி சுமார் 357 லட்சம் கோடி என்ற மதிப்பீட்டால் வகுத்தால் 4.4 சதவீதம். உரையில் சொல்லப்பட்ட அந்த 4.4 எங்கிருந்து வந்தது என்பதைக் கையால் ஒருமுறை கணக்கிட்டவருக்கு அது மறக்காது. எனக்கு மறக்கவில்லை.

16 பிப்ரவரி

தமிழ்வழியில் எழுதுபவர்களுக்காக மட்டும் இது. ‘முதன்மைப் பற்றாக்குறை’ என்ற கலைச்சொல்லைப் பார்த்தவுடன், இருப்பவற்றுள் மிக முக்கியமான பற்றாக்குறை இதுதான் என்று பொருள்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் சொல்லில் உள்ள ‘முதன்மை’ முக்கியத்துவத்தைக் குறிக்கவில்லை. வட்டிச் சுமை நீங்கலாக இந்த ஆண்டின் வரவுசெலவு மட்டும் எவ்வளவு பள்ளத்தை உண்டாக்குகிறது என்பதையே அது காட்டுகிறது: 15.69 லட்சம் கோடியிலிருந்து வட்டி 12.76 லட்சம் கோடியைக் கழித்தால் 2.93 லட்சம் கோடி, அதாவது உள்நாட்டு உற்பத்தியில் 0.8 சதவீதம். புதிதாக வாங்கும் கடனுக்குச் சமமான தொகையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பழைய கடனின் வட்டிக்கே ஈடாகிறது என்பதை இந்த ஒரு கழித்தல் சொல்லிவிடுகிறது.

மாறாக, ‘பயனுறு மூலதனச் செலவு’ என்பது கூட்டல். மத்திய அரசு நேரடியாகச் செய்யும் 11.21 லட்சம் கோடியோடு, சொத்து உருவாக்கத்துக்காக மாநிலங்களுக்கும் பிற அமைப்புகளுக்கும் தரும் 4.27 லட்சம் கோடி மானியமும் உட்பட 15.48 லட்சம் கோடி. முன்னது உள்நாட்டு உற்பத்தியில் 3.1 சதவீதம், பின்னது 4.3 சதவீதம். இந்த 4.3ஐ நிதிப் பற்றாக்குறையின் 4.4ஓடு மாற்றி எழுதியவர்களை இந்த இரண்டு வாரத்தில் பார்த்துவிட்டேன்.

23 பிப்ரவரி

மத்திய வரியில் மாநிலங்களுக்கு 41 சதவீதம் என்கிறார்கள். கணக்குப் போட்டால் 33தான் வருகிறதே என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இந்த இழையில் வந்தவற்றுள் இதுவே சிறந்த கேள்வி, ஏனென்றால் இவர் எண்ணை மனப்பாடம் செய்யாமல் சோதித்துப் பார்த்திருக்கிறார்.

மத்திய அரசின் மொத்த வரி வருவாய் மதிப்பீடு 42.70 லட்சம் கோடி. மாநிலங்களுக்குப் போவது 14.22 லட்சம் கோடி. ஆகவே மூன்றில் ஒரு பங்கு. என்.கே. சிங் தலைமையிலான 15ஆவது நிதிக்குழு பரிந்துரைத்த 41 சதவீதம் பகிர்வுக்குரிய தொகுப்புக்கு மட்டுமே பொருந்தும். செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான கூடுதல் வரி), சர்சார்ஜ் (வரியின் மேல் விதிக்கும் வரி), வரி வசூலிக்கும் செலவு ஆகியவை நீங்கலாக எஞ்சுவதே அந்தத் தொகுப்பு. 270, 271ஆவது உறுப்புகளைச் சேர்த்துப் படித்தால் இதன் சட்ட அடிப்படை விளங்கும். செஸ்ஸும் சர்சார்ஜும் கூடக் கூட, 41 என்ற எண் மாறாமலேயே மாநிலங்களுக்கு உண்மையில் கிடைக்கும் பங்கு சுருங்க முடியும். மத்திய மாநில நிதியுறவு பற்றிய முதன்மைத் தேர்வு வினா எதுவானாலும், விடையின் நடுவில் இந்த 41க்கும் 33க்கும் இடைப்பட்ட இடைவெளி வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மாநிலங்களுக்கான அந்தத் தொகையில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம், 2025-26க்குச் சுமார் 58,000 கோடி ரூபாய். அரவிந்த் பனகாரியா தலைமையிலான 16ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைகள் 2026 ஏப்ரல் 1 முதல் ஐந்தாண்டுகளுக்குப் பொருந்தும் என்பதால், இப்போது படிக்கும் இந்தச் சதவீதங்களுக்கு இன்னும் ஓராண்டு ஆயுள்தான். குறிப்பேட்டில் அவற்றின் அருகில் ஆண்டை எழுதி வையுங்கள்.

2 மார்ச்

மனப்பாடமே வேண்டாம் என்று நான் சொல்வதாகச் சிலர் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அந்தத் தோற்றத்தை நான்தான் உண்டாக்கினேன். கொள்குறித் தேர்வு எழுதுகிறவரிடம் அப்படிச் சொல்வது நியாயமாகாது. நேரடியாகக் கேட்கக்கூடியவற்றை நேரடியாகவே தெரிந்துவைத்திருக்க வேண்டும். காப்பீட்டுத் துறையில் அந்நிய நேரடி முதலீட்டு வரம்பை 74இலிருந்து 100 சதவீதமாக உயர்த்தும் அறிவிப்பு, கிசான் கடன் அட்டையின் கீழ் வட்டிச் சலுகைக் கடன் வரம்பு 3லிருந்து 5 லட்சமானது, 100 மாவட்டங்களுக்கான தன் தான்ய கிருஷி திட்டம், பீகாரில் மக்கானா வாரியம், அணுசக்தி இயக்கத்துக்கு 20,000 கோடியும் 2033க்குள் ஐந்து சிறு அணு உலைகளும், மாநிலங்களுக்கு 50 ஆண்டு வட்டியில்லாக் கடனாக 1.5 லட்சம் கோடி ஆகியவை அந்த வகை. வேளாண்மை, சிறு குறு நடுத்தரத் தொழில்கள், முதலீடு, ஏற்றுமதி என்று உரை வரிசைப்படுத்திய நான்கு ‘எஞ்சின்களும்’ அப்படியே. இவற்றை ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அந்தப் பக்கத்துக்கு ஒரு மாதம் செலவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நிர்மலா சீதாராமனுக்கு இது தொடர்ச்சியாக எட்டாவது பட்ஜெட். மொத்தமாக அதிக பட்ஜெட்டுகளைத் தாக்கல் செய்தவர் மொரார்ஜி தேசாய், பத்து. ‘தொடர்ச்சியாக’ என்ற சொல்லும் ‘நீங்கலாக’வின் உறவுக்காரச் சொல்தான்.

9 மார்ச்

பொதுத்தமிழுக்கும் பட்ஜெட்டுக்கும் பாலமாக ஒன்று. இந்த ஆண்டு உரையில் எடுத்தாளப்பட்டது செங்கோன்மை அதிகாரத்தின் 542ஆவது குறள். 2021இல் இறைமாட்சியின் 385, 2020இல் நாடு அதிகாரத்தின் 738, 2019இல் பிசிராந்தையார் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பாடிய புறநானூற்று 184ஆவது பாடல். இந்த நான்கையும் உரைகளின் ஆண்டோடு சேர்த்துப் படித்தால் இரண்டு தாள்களுக்கும் ஒரே உழைப்பு போதும். 385இல் இயற்றல், ஈட்டல், காத்தல், வகுத்தல் என்று வரும் வரிசையில் செலவை வகுப்பது கடைசியாகத்தான் வருகிறது என்பதை முதன்முறை கவனித்தபோது நான் வெகுநேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன்.

28 மார்ச்

பட்ஜெட்டின் வரி முன்மொழிவுகளைச் சட்டமாக்கும் நிதி மசோதாவை மக்களவை 25ஆம் தேதி 35 அரசுத் திருத்தங்களோடு நிறைவேற்றியது. இணையவழி விளம்பரங்கள் மீதான 6 சதவீத வரி அந்தத் திருத்தங்களால் நீங்குகிறது. நேற்று மாநிலங்களவை மசோதாவை மக்களவைக்குத் திருப்பி அனுப்பியது. ‘திருப்பி அனுப்பியது’ என்பதை ‘நிராகரித்தது’ என்று படித்துப் பதறியவர்களுக்கு: இது ஒரு பண மசோதா; 109ஆவது உறுப்பின்படி பண மசோதாவில் மாநிலங்களவை செய்யக்கூடியது, 14 நாட்களுக்குள் பரிந்துரையோடோ பரிந்துரையின்றியோ திருப்பி அனுப்புவது மட்டுமே. ஆகவே பட்ஜெட் முறைப்படி நிறைவேறிவிட்டது என்பதே இதன் பொருள்.

முதலில் கேள்வி கேட்டவர் தமது 10 ஒதுக்கீட்டுப் பட்டியலைத் திருத்தி அனுப்பியிருக்கிறார். ஒவ்வொரு வரியிலும் பட்ஜெட் மதிப்பீடு, சென்ற ஆண்டின் திருத்திய மதிப்பீடு, எது உட்பட, எது நீங்கலாக என்று நான்கு கட்டங்கள் போட்டிருக்கிறார். மிக நல்ல வேலை. ஐந்தாவதாக உண்மைக் கணக்குக்கு ஒரு கட்டம் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இந்த ஆண்டு பட்ஜெட் ஆவணங்களில் உண்மைக் கணக்காகக் கிடைப்பது 2023-24 மட்டுமே. அதே முறைப்படி 2025-26இன் உண்மைக் கணக்கு 2027 பிப்ரவரியில்தான் அச்சாகும். அதுவரை அந்தக் கட்டம் காலியாக இருக்கட்டும்.